381 நாள் பஸ் ஏறாத ஊர்



மார்ட்டின் லூதர் கிங் என்ற பெயரை நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து ஒப்பிப்பதைக் கேட்டிருப்பீர்கள். "அமெரிக்க காந்தி, நோபல் பரிசு வாங்கினார், சுட்டுக் கொன்றுவிட்டார்கள்." மூன்று வரியில் முடிந்துவிடும். அவர் எப்படித் தலைவர் ஆனார், அவரைத் தூக்கி நிறுத்தியது யார் என்பதெல்லாம் அந்த மூன்று வரியில் வராது. இந்த இதழில் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதலாம் என்று நினைத்தோம். காரணம் இருக்கிறது. அந்தக் கதையில் சமையல்காரம்மா வருகிறார், வீட்டு வேலை செய்கிறவர் வருகிறார், தையல் தைக்கிறவர் வருகிறார், டீச்சர் வருகிறார். வசூல் வருகிறது, கணக்கு வருகிறது, தவறாமல் நடந்த வாராந்திரக் கூட்டமும் வருகிறது.

பஸ்ஸில் என்ன பிரச்சினை?

ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட கறுப்பின மக்கள் அமெரிக்காவில் பல தலைமுறைகள் அடிமைகளாக இருந்தார்கள். 1865ல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் தென் மாநிலங்களில் அது வேறு வேஷம் போட்டுக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடம் தனி, ஆஸ்பத்திரி தனி, தண்ணீர்க் குழாய்கூடத் தனி. ஓட்டு உரிமை காகிதத்தில் இருந்தது. ஆனால் பேர் பதியப் போனால் எழுதப் படிக்கத் தெரியுமா என்று பரீட்சை வைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அலபாமா மாநிலத்தின் தலைநகரம் மாண்ட்கோமரி. அந்த ஊர் டவுன் பஸ்ஸில் 36 சீட். முன்னால் உள்ள 10 சீட் வெள்ளைக்காரர்களுக்கு. ஒரு வெள்ளைக்காரர்கூட ஏறாவிட்டாலும் அந்தப் பத்தும் காலியாகவே போகும், கறுப்பினப் பெண் கைப்பிள்ளையோடு நின்றுகொண்டே வரவேண்டும். இன்னொரு கொடுமையும் உண்டு. முன்வாசலில் ஏறி டிரைவரிடம் காசைக் கொடுத்துவிட்டு, திரும்ப இறங்கி நடந்து போய்ப் பின்வாசலில் ஏறணும். அதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிற டிரைவர்கள் இருந்தார்கள். காசும் போச்சு, பஸ்ஸும் போச்சு. இத்தனைக்கும் அந்த பஸ் கம்பெனிக்குக் காசு கொடுத்தவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பேர் கறுப்பினத்தவர்தான். வெள்ளைக்காரர் வீடுகளுக்குச் சமைக்கவும் துவைக்கவும் போய்வந்த பெண்கள் அதில் நிறையப் பேர்.

1955 மார்ச் மாதம் 15 வயதுப் பள்ளி மாணவி கிளாடெட் கொல்வின் சீட்டை விட்டு எழ மறுத்தார். போலீஸ் அவளைக் கையில் விலங்கு மாட்டிக் கொண்டுபோனது. ஊர்த் தலைவர்கள் அவள் விஷயத்தைப் பெரிய போராட்டமாக எடுக்கவில்லை. சின்னப்பெண், கோபக்காரி என்று தயங்கினார்கள். பிறகு அவள் கர்ப்பமானது தெரிந்ததும் ஒரேயடியாக ஒதுங்கிவிட்டார்கள். பெண்ணின் நடத்தையைப் பார்த்துத்தான் அவளுக்கு நடந்த அநியாயத்தை அளப்பது என்ற வழக்கம் அங்கேயும் இருந்திருக்கிறது. எங்களுக்கு இது வருத்தமான பகுதிதான். ஆனால் கிளாடெட் மறுபடியும் வருவாள், பேரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே வருஷம் டிசம்பர் 1, வியாழக்கிழமை சாயங்காலம். ஒரு டிபார்ட்மெண்ட் ஸ்டோரில் தையல் வேலை பார்த்த 42 வயது ரோசா பார்க்ஸ் வேலை முடிந்து பஸ் ஏறினார். அவர் வெள்ளைக்காரர் சீட்டில் உட்கார்ந்தார் என்று பலர் சொல்வார்கள், அது சரியில்லை. கறுப்பினத்தவருக்கு அனுமதித்த பகுதியில்தான் உட்கார்ந்திருந்தார். முன்னால் இடம் நிரம்பி ஒரு வெள்ளைக்காரர் நின்றதால், அந்த வரிசையில் இருந்த நான்கு பேரையும் எழச் சொன்னார் டிரைவர். மூன்று பேர் எழுந்தார்கள், ரோசா எழவில்லை. கைது செய்தார்கள். கால் வலியால்தான் எழவில்லை என்றும் ஒரு கதை உண்டு. அதை அவரே பிற்பாடு மறுத்தார். பணிந்து போய்ப் போய்த்தான் சலித்துவிட்டது, உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றார். அவர் விவரம் தெரியாத ஆளும் இல்லை. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்குப் பல வருஷம் செயலாளராக இருந்தவர்.

ஒரே ராத்திரியில் அச்சான நோட்டீஸ்

மாண்ட்கோமரியில் 1946ல் இருந்தே ஒரு பெண்கள் சங்கம் இருந்தது. பெண்கள் அரசியல் மன்றம் என்று பெயர். அதன் தலைவி ஜோ ஆன் ராபின்சன், கல்லூரி ஆசிரியை. 1949ல் ஒருநாள் காலி பஸ்ஸில் முன்பக்கம் உட்கார்ந்ததற்காக டிரைவர் கத்தியதில், அழுதுகொண்டே இறங்கி ஓடியவர் அவர். அந்த அவமானத்தை அவர் மறக்கவில்லை. 1954 மே மாதமே நகர மேயருக்குக் கடிதம் எழுதினார். நிலைமை மாறாவிட்டால் எங்கள் மக்கள் பஸ் ஏறாமல் நிறுத்திவிடுவார்கள் என்று அதில் எச்சரித்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை.

ரோசா கைதான செய்தி கிடைத்த அன்று ராத்திரியே ராபின்சன் தன் கல்லூரிக்குப் போனார். கூட ஓர் ஆசிரியரும் இரண்டு மாணவர்களும். ஸ்டென்சில் வெட்டி உருட்டுகிற மெஷினில் விடிய விடியப் பல்லாயிரம் நோட்டீஸ் அடித்தார்கள். திங்கட்கிழமை யாரும் பஸ் ஏறவேண்டாம் என்பதுதான் அதில் விஷயம். காலையில் பள்ளிக்கூடம், கடை, முடி அலங்காரக் கடை என்று எல்லா இடத்துக்கும் கட்டுக்கட்டாகப் போய்ச் சேர்ந்தது.  எந்தத் தெருவுக்கு யார் பொறுப்பு என்று அந்தச் சங்கம் முன்னாலேயே யோசித்து வைத்திருந்ததால்தான் இவ்வளவு வேகம்.

டிசம்பர் 5, திங்கட்கிழமை பஸ்கள் காலியாக ஓடின. அன்று மத்தியானம் பெரியவர்கள் கூடி மாண்ட்கோமரி முன்னேற்றச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்து, ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்கு 26 வயது. ஊருக்கு வந்து ஒரு வருஷத்துக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. டெக்ஸ்டர் அவென்யூ பாப்டிஸ்ட் சபையின் போதகர், அட்லாண்டா நகரத்தில் 1929 ஜனவரி 15 அன்று பிறந்தவர், அந்த வருஷம்தான் டாக்டர் பட்டம் வாங்கியவர். வீட்டில் மனைவி கொரெட்டா, பிறந்து மூன்று வாரம்கூட ஆகாத பெண் குழந்தை. அவர்தான் மார்ட்டின் லூதர் கிங். புது ஆள், எந்தக் கோஷ்டியிலும் இல்லை, நன்றாகப் பேசுவார், அதனால் தேர்ந்தெடுத்தார்கள். அன்று ராத்திரி சபையில் கூடிய ஆயிரக்கணக்கான பேர் முன்னால் அவர் பேசினார். ஒருநாள் மறியல் முடியும்வரை தொடரட்டும் என்று முடிவானது.

முதலில் அவர்கள் கேட்டது ரொம்பக் கொஞ்சம். மரியாதையாக நடத்துங்கள், முதலில் வந்தவர் முதலில் உட்காரட்டும், எங்கள் பகுதிக்குப் போகிற வண்டிகளில் எங்கள் ஆட்களையும் டிரைவராகப் போடுங்கள். பிரிவினையை அடியோடு எடு என்றுகூட அப்போது கேட்கவில்லை. அதற்கும் நகராட்சி மறுத்துவிட்டது.

நடையும் வண்டியும்

பஸ் ஏறமாட்டோம் என்று சொல்வது சுலபம். மறுநாள் காலை வேலைக்குப் போகணுமே! ஒருநாள் போகாவிட்டால் கூலி போகும், நாலு நாள் போகாவிட்டால் வேலையே போகும். முதலில் கறுப்பின டாக்ஸிக்காரர்கள் பஸ் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஆட்களை ஏற்றினார்கள். (100 சென்ட் ஒரு டாலர்.) நகராட்சி பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, 45 சென்ட்டுக்குக் குறைத்து ஓட்டினால் நடவடிக்கை என்றது. உடனே சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் கார்களைக் கொடுத்தார்கள். 1953ல் பேட்டன் ரூஜ் என்ற ஊரில் இப்படி ஒரு மறியல் நடந்திருந்தது. அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டு வழிமுறை தெரிந்துகொண்டார்கள். ஏறக்குறைய 300 கார்கள். எந்த முனையில் எத்தனை மணிக்கு வண்டி நிற்கும், யார் ஓட்டுவார், பெட்ரோலுக்கு யார் காசு தருவார் என்று எல்லாம் எழுதி வைத்து நடத்தினார்கள். சபைகளின் பெயரில் பெரிய வண்டிகள் வாங்கினார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிகள் அந்த வண்டிகளுக்குக் காப்பீட்டை ரத்து செய்தபோது, லண்டனில் போய்க் காப்பீடு எடுத்து வந்தார்கள்.

இத்தனை வண்டி இருந்தும் நடந்தே போனவர்கள் ஏராளம். ஒரு வயதான அம்மாவிடம் கிங் பேசிப் பார்த்தாராம், நீங்கள் போதும் அம்மா, பஸ்ஸிலேயே போங்கள் என்று. கால்தான் ஓய்ந்திருக்கு, மனசு நிம்மதியா இருக்கு என்கிற அர்த்தத்தில் அவர் பதில் சொன்னார். போலார்ட் அம்மா என்று எல்லோரும் அவரைச் சொல்வார்கள்.

வேடிக்கையும் உண்டு. வேலைக்கார அம்மா வராவிட்டால் வீடு நடக்காது என்பதால் வெள்ளைக்காரப் பெண்கள் பலர் தாங்களே காரை எடுத்துக்கொண்டு வந்து கூட்டிப்போனார்கள். மேயர் அறிக்கை விட்டு, இப்படிச் செய்யாதீர்கள், மறியலுக்கு உதவி செய்கிறீர்கள் என்றார். அவர் பேச்சை அந்தப் பெண்கள் கேட்கவில்லை.

வாரத்தில் இரண்டு ராத்திரி, திங்களும் வியாழனும், ஏதாவது ஒரு சபையில் கூட்டம். வண்டிக் கணக்கு சொல்வார்கள், வதந்திகளுக்குப் பதில் சொல்வார்கள், பாடுவார்கள், வசூல் நடக்கும். போராட்டம் முடிந்துவிட்டது, நாளையிலிருந்து பஸ் ஏறலாம் என்று பத்திரிகையில் பொய்ச் செய்தி வர ஏற்பாடு செய்தார்கள் நகராட்சிக்காரர்கள். செய்தி முன்கூட்டியே காதுக்கு வந்ததால் அன்று ராத்திரியே ஆள் விட்டு ஊர் முழுக்கப் பொய் என்று சொல்லிவிட்டார்கள். சங்கத்துக்கு ஒரு செய்தி மடலும் உண்டு. அதைத் தயாரித்தது யார் தெரியுமா? ராபின்சன்தான்.

எங்கிருந்தோ வந்த பணம்

இனி எங்களுக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ஜார்ஜியா கில்மோர் ஒரு ஓட்டலில் சமையல் வேலை பார்த்தவர், பிரசவமும் பார்ப்பார், ஆறு பிள்ளைகளுக்குத் தாய். முன்வாசலில் காசை வாங்கிக்கொண்டு பின்வாசலில் ஏறுவதற்குள் பஸ்ஸை எடுத்த டிரைவரால், ரோசா கைதாவதற்கு இரண்டு மாதம் முன்பே பஸ்ஸை வெறுத்து நடக்க ஆரம்பித்தவர். போராட்டத்துக்குப் பணம் வேண்டும் என்றதும் அவர் என்ன செய்தார்? தெரிந்த பெண்களைச் சேர்த்தார். சில்லறை போட்டு கோழியும் ரொட்டியும் வாங்கினார்கள். கோழி சாண்ட்விச், கேக், இனிப்பு பை எல்லாம் வீட்டில் செய்து, கூட்டத்திலும் முடி அலங்காரக் கடையிலும் சலவைக் கடையிலும் விற்றார்கள். வாரத்துக்கு 125 முதல் 200 டாலர் வரை சேர்ந்தது என்று சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் அது சின்னக் காசு இல்லை.

அந்தக் குழுவுக்குப் பேர் என்ன வைத்தார் தெரியுமா? "எங்கிருந்தோ வந்த குழு". காரணம், அதில் இருந்த பெண்கள் பலர் வெள்ளைக்காரர் வீட்டில் வேலை பார்த்தார்கள். போராட்டத்துக்குப் பணம் கொடுத்தது தெரிந்தால் வேலை போய்விடும். கேக் வாங்கிச் சாப்பிட்டவர்களில் வெள்ளைக்காரர்களும் இருந்தார்கள், அவர்கள் பேரும் வெளியே வரக்கூடாது. பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், "எங்கிருந்தோ வந்தது" என்று சொன்னால் அது பொய்யும் இல்லை! கணக்கு முழுவதும் ஜார்ஜியாவுக்கு மட்டும் தெரியும். திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவர் எழுந்து போய்த் தொகையைச் சொல்லி வைப்பார், சபையே கைதட்டும். ஊரின் இன்னொரு பக்கத்தில் ஐனெஸ் ரிக்ஸ் என்ற அம்மா போட்டிக்கு ஒரு குழு ஆரம்பித்தார். இந்த வாரம் யார் வசூல் அதிகம் என்று இரண்டு குழுவுக்கும் பந்தயம்.

மறியலைத் தூண்டியதாகக் கிங் மேல் வழக்குப் போட்டபோது, 1956 மார்ச்சில் ஜார்ஜியா கோர்ட்டில் ஏறி டிரைவர் செய்ததைச் சொன்னார். ஓட்டல் வேலை போயிற்று. கிங் அவரிடம், நீங்கள் ஏன் வீட்டிலேயே சமைத்து விற்கக்கூடாது என்று சொல்லி, பாத்திரம் வாங்கப் பணமும் கொடுத்தார். ஜார்ஜியா வீட்டுச் சாப்பாட்டு மேஜை அதற்குப் பிறகு பல வருஷம் தலைவர்கள் கூடிப் பேசுகிற இடமாகவும் ஆனது.

வெடிகுண்டு விழுந்த வீடு

அகிம்சை என்றால் பயந்து அடங்கிப் போவது என்று நினைப்பவர்கள் உண்டு. கிங்கும் பிறக்கும்போதே அகிம்சாவாதியாகப் பிறக்கவில்லை. ஆரம்பத்தில் அவர் வீட்டில் துப்பாக்கி இருந்தது. மிரட்டல் போன் ஓயாமல் வரும். 1956 ஜனவரி கடைசியில் ஒரு நடு ராத்திரி அப்படி ஒரு போன் வந்த பிறகு, சமையல்கட்டில் காபியை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து, எப்படி இதை விட்டுவிட்டுக் கௌரவமாக வெளியேறுவது என்றே யோசித்ததாக அவரே எழுதியிருக்கிறார். அங்கேயே ஜெபம் செய்த பிறகுதான் தைரியம் வந்ததாம்.

சில நாளில், ஜனவரி 30 அன்று, அவர் கூட்டத்தில் இருந்தபோது வீட்டுத் திண்ணையில் குண்டு வெடித்தது. உள்ளே கொரெட்டாவும் பத்து வாரக் குழந்தையும். நல்லவேளை, காயம் இல்லை. கிங் ஓடி வந்தபோது வாசலில் ஆயுதங்களோடு ஒரு கோபக் கூட்டம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று ரத்த ஆறு ஓடியிருக்கும். அவர் திண்ணையில் நின்று, ஆயுதத்தை வீட்டுக்குக் கொண்டுபோங்கள், பதிலுக்குப் பதில் வேண்டாம் என்றார். கூட்டம் கலைந்தது. அதற்குப் பிறகும் அவர் துப்பாக்கி லைசென்ஸுக்கு மனுப் போட்டார், கொடுக்கவில்லை. பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டில் ஆயுதமே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தார். அகிம்சையும் பழகப் பழகத்தான் வந்திருக்கிறது.

போலீசும் சும்மா இல்லை. வேகமாக ஓட்டினார் என்று கிங்கைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். வேகம் எவ்வளவு? 25 மைல் போகவேண்டிய இடத்தில் 30 மைல்! ராபின்சன் காரின் மேல் போலீஸ் உடுப்பில் வந்தவர்கள் ஆசிட் ஊற்றினார்கள். பிப்ரவரியில் பழைய சட்டம் ஒன்றின்கீழ் ஏறக்குறைய 90 பேர் மேல் வழக்கு. போலீஸ் தேடி வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு, என் பேர் லிஸ்டில் இருக்கா என்று தாங்களே போய் நின்றார்கள்.

கடைசியில் தீர்த்தது கோர்ட். பஸ்ஸில் பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று வழக்குப் போட்டவர்கள் பெண்கள். ஆரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், நான்காவது ஆள் நாம் மேலே பார்த்த கிளாடெட் கொல்வின். ஐந்தாவதாகக் கையெழுத்துப் போட்ட பெண் மிரட்டலால் விலகிக்கொண்டார். ஒதுக்கி வைக்கப்பட்ட அந்தச் சின்னப்பெண் கோர்ட்டில் சாட்சி சொன்னாள். 1956 நவம்பர் 13 அன்று நாட்டின் உச்ச நீதிமன்றம் இந்தப் பெண்களின் பக்கம் தீர்ப்பை உறுதி செய்தது.

உத்தரவு கைக்கு வர இன்னும் ஐந்து வாரம் ஆயிற்று. அந்த நாட்களில் சபைக்குள் நாற்காலிகளை பஸ் சீட் மாதிரி போட்டு ஒத்திகை பார்த்தார்கள். ஒருவர் டிரைவர், சிலர் வெள்ளைக்காரப் பயணிகள், சிலர் தாங்களாகவே. திட்டினால் என்ன செய்வது, இடித்தால் என்ன செய்வது, பதிலுக்குக் கை ஓங்காமல் எப்படி உட்கார்ந்திருப்பது என்று நடித்துப் பழகினார்கள். டிசம்பர் 21 அன்று, 381 நாளுக்குப் பிறகு, பஸ் ஏறினார்கள். எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். ஒரு வாரத்தில் பஸ்களின் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது, ரோசா ஜோர்டன் என்ற கர்ப்பிணிப் பெண்ணுக்குக் காலில் குண்டு பாய்ந்தது. ரோசா பார்க்ஸுக்கும் அவர் கணவருக்கும் வேலை போயிருந்தது. 1957ல் ஊரை விட்டே போனார்கள்.

அதற்குப் பிறகு

1959ல் கிங்கும் கொரெட்டாவும் காந்தியின் நாட்டைப் பார்க்க இந்தியா வந்தார்கள். சென்னை, காந்திகிராமம், மதுரை, கன்னியாகுமரி எல்லாம் வந்திருக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர், அமெரிக்காவிலிருந்து வந்த நம்மைப் போன்ற தீண்டத்தகாதவர் என்று அவரை அறிமுகப்படுத்தினார். முதலில் கிங்குக்குச் சுருக்கென்றது. பிறகு, ஆமாம், நானும் அப்படித்தான் என்று உணர்ந்ததாக 1965ல் சொன்னார்.

1963ல் வாஷிங்டனில் சுமார் இரண்டரை லட்சம் பேர் கூடிய பேரணியில்தான் அந்தப் புகழ்பெற்ற கனவுப் பேச்சு. அன்று மேடையில் பெரிய பேச்சு எதையும் பெண்ணுக்குக் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கிங்கின் அமைப்பில் வேலை பார்த்த செப்டிமா கிளார்க், அங்குள்ள ஆண்கள் பெண்கள் பேச்சை மதிக்கவில்லை என்று பிற்பாடு வெளிப்படையாகவே சொன்னார். அவர் செய்த வேலை லேசானதா? ஓட்டுப் பதிவுப் பரீட்சையில் தேறுவதற்காகப் பெரியவர்களுக்குப் படிப்புச் சொல்லும் வகுப்புகளை உருவாக்கியவர். முதல் வகுப்பு 1957ல் ஒரு கூட்டுறவுக் கடையின் பின் அறையில் நடந்தது. டீச்சர், முடி அலங்காரத் தொழில் செய்த பெர்னிஸ் ராபின்சன். கையெழுத்துப் போடுவது, மணியார்டர் நிரப்புவது, பிறகு ஓட்டுப் பாரம்.

1964ல் பொது இடங்களில் பிரிவினையைத் தடை செய்யும் சட்டம் வந்தது. அந்த வருஷமே 35 வயதில் கிங்குக்கு நோபல் பரிசு. 54 ஆயிரம் டாலர் பரிசுப் பணத்தையும் இயக்கத்துக்கே கொடுத்தார். 1965 மார்ச்சில் செல்மா ஊரிலிருந்து மாண்ட்கோமரிக்கு நடைபயணம், ஆகஸ்டில் ஓட்டுரிமைச் சட்டம். அந்தச் சட்டத்தின் ஒரு முக்கியமான பாதுகாப்பை 2013ல் உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

1968ல் மெம்ஃபிஸ் நகரத்தில் இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் குப்பை வண்டியின் இயந்திரத்தில் நசுங்கி இறந்தார்கள். சுமார் 1,300 பேர் வேலை நிறுத்தம் செய்தார்கள். கூலியும் மரியாதையும் கேட்ட அவர்களுக்குத் துணை நிற்கப் போன இடத்தில், ஏப்ரல் 4 அன்று கிங்கைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 39. நான்காம் நாள், அடக்கம்கூட ஆகாத நிலையில், கொரெட்டா பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மெம்ஃபிஸ் வந்து, கணவர் நடத்தவிருந்த ஊர்வலத்தை முன்நின்று நடத்தினார். அடுத்த வாரம் நகராட்சி சங்கத்தை ஏற்று, கூலியும் உயர்த்தியது. கிங் பிறந்தநாளுக்கு விடுமுறை வேண்டும் என்று கொரெட்டா பல வருஷம் விடாமல் கேட்டார். 1983ல் சட்டமானது. 1986 முதல் ஜனவரி மூன்றாம் திங்கள் அமெரிக்க மத்திய அரசு விடுமுறை.

ஜார்ஜியாவைப் பற்றி ஒரு விஷயம் பாக்கி. 1990 மார்ச்சில் செல்மா நடைபயணத்தின் 25ஆம் ஆண்டைக் கொண்டாட மாண்ட்கோமரிக்கு மறுபடியும் ஜனங்கள் நடந்து வந்தார்கள். அவர்களுக்குச் சாப்பாடு போட ஜார்ஜியா கோழி சமைத்து வைத்திருந்தார். அந்தச் சமயத்தில்தான் அவர் இறந்தார். அவர் சமைத்த சாப்பாட்டைத்தான் துக்கம் கேட்க வந்தவர்களுக்கு வீட்டார் பரிமாறினார்கள்.